மாசத்துல நாலு மணி நேரம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், கொஞ்சம் காசு கணக்கா இருக்கும், நடுவுல என் சொந்த மானம் கப்பலேறின கதையும் இருக்கும். பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம், புரியற மாதிரிதான் எழுதப் போறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மெயின்ஃப்ரேம்ல. கூடப் படிச்சவனெல்லாம் ஜாவா, டாட்நெட்னு போனப்ப எனக்கு மட்டும் கோபால், ஜேசிஎல், டிபி2ன்னு சீட்டு விழுந்துச்சு. ட்ரெயினிங் நேரத்துல வீட்டுக்கு போன் பண்ணி "கோபால் கத்துக்கறேன்"னு சொன்னேன். யாரோ கோபால்ங்கிற வாத்தியார்கிட்ட பாடம் படிக்கிறேன்னு பாட்டி ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. "அந்த கோபால் சார் நல்லா சொல்லிக் குடுக்கறாராப்பா?"ன்னு ஊருக்குப் போறப்பெல்லாம் கேப்பாங்க. நானும் நல்லா சொல்லித் தர்றார் பாட்டின்னுடுவேன்.

2007ல பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு கம்பெனி. க்ளையன்ட் அமெரிக்காவுல ஒரு இன்சூரன்ஸ்காரங்க. (ரெண்டு பேர் பேரும் வேண்டாம்.) நமக்கு வேலை ப்ரொடக்ஷன் சப்போர்ட். அவங்க ராத்திரி ஓட்டுற பேட்ச் ஜாப் படுத்துக்கிச்சுன்னா எழுப்பி விடணும். வேலைன்னு பாத்தா சுகம்தான், தூக்கம்தான் கிடையாது.

அந்த வருஷம் மார்ச் 30, வெள்ளிக்கிழமை. க்வார்ட்டர் முடியற நேரம். முந்தின ராத்திரி ஓட வேண்டிய க்ளெய்ம்ஸ் ஜாப் ஒண்ணு எஸ்0சி7ல விழுந்து கிடந்துச்சு. நம்பர் இருக்க வேண்டிய இடத்துல குப்பை இருந்தா வர்ற அபெண்ட் அது. மெயின்ஃப்ரேம்ல இருந்தவங்களுக்கு மாமியார் வீட்டு விலாசம் மாதிரி மனப்பாடமா தெரியும். குப்பையைத் தேடிப் பிடிச்சு எடுத்துட்டு நிமிர்ந்தா நம்ம ஊர் மணி ராத்திரி ஏழரை, அவங்களுக்கு காலை பத்து.

இப்போ ரீரன் பண்ணலாமா, ராத்திரி வரைக்கும் காத்திருக்கலாமான்னு கேள்வி. அந்தப் பக்கம் ஒரு அம்மா ஆடிட்டருக்கு ரிப்போர்ட் குடுக்கணும்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மெயில். மானிட்டரைத் தொறந்து பாத்தேன். மெஷின்ல நிறைய இடம் காலியா இருந்துச்சு. இருக்கற சிபியுவை யூஸ் பண்ணிக்கறதுல என்ன தப்பு? சப்மிட் பண்ணிட்டேன். மூணே முக்கா மணி நேரம் ஓடி, ரிட்டர்ன் கோட் ஜீரோ. அந்தம்மா நன்றி சொல்லி மூணு ஆச்சரியக்குறி போட்டு மெயில் அனுப்பினாங்க. நானும் கேன்டீன்ல பரோட்டா சாப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கான்ஃபரன்ஸ் காலுக்குக் கூப்பிட்டாங்க. க்ளையன்ட் பக்கம் கெபாசிட்டி பிளானிங் பாக்குற பெரியவர் ஒருத்தர். அறுபது வயசு இருக்கும், அதுவரைக்கும் அவர் குரலையே நான் கேட்டதில்ல. என் யூசர் ஐடியை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, "இது யாரு?"ன்னார். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுச்சு.

அவர் திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. ஒரு கிராஃப் அனுப்பிச்சார். மாசம் பூரா மலை மலையா ஏறி இறங்குது, மார்ச் 30ல மட்டும் ஒரு கோபுரம். "இந்தக் கோபுரத்தோட உச்சிக்குத்தான் எங்க மாச பில்லே"ன்னார்.

இங்கதான் நான் அதுவரைக்கும் தெரிஞ்சுக்காத விஷயம் வருது. நாலு வருஷமா அந்த மெஷின்ல தினமும் வேலை பாத்திருக்கேன், அதுக்கு எப்படிக் காசு குடுக்கறாங்கன்னு ஒரு தடவை கூட யோசிச்சதில்ல.

நம்ம பிசிக்கு விண்டோஸ் வாங்கினா (சரி சரி, வாங்கினவங்க கையைத் தூக்குங்க) ஒரு தடவை காசு, முடிஞ்சுது. மெயின்ஃப்ரேம் ஓஎஸ் அப்படி இல்ல. இசட்/ஓஎஸ்ஸை வாங்க முடியாது, மாச வாடகைக்குத்தான் எடுக்கணும். வாடகை எவ்வளவுங்கறது மெஷின் எவ்வளவு வேலை செஞ்சுதுங்கறதைப் பொறுத்தது. அதை அளக்க எம்எஸ்யூன்னு ஒரு அளவு. மணிக்கு எத்தனை மில்லியன் சர்வீஸ் யூனிட்ங்கறது அதோட விரிவு. பழைய முறையில மெஷினோட முழு கெபாசிட்டிக்கும் கட்டணும், நீங்க பாதிதான் ஓட்டினாலும். 2000ல ஐபிஎம் இசட்900 மெஷினையும் இசட்/ஓஎஸ்ஸையும் அறிவிச்சப்ப, ஓட்டின அளவுக்கு மட்டும் கட்டுற சப்-கெபாசிட்டி முறை வந்துச்சு. கேக்க நியாயமா இருக்கு இல்ல?

ஆனா "ஓட்டின அளவு"ங்கறதுக்கு அவங்க எழுதி வெச்ச அர்த்தத்தைப் பாருங்க. மெஷின் ஒவ்வொரு நேரத்துலயும் அதுக்கு முந்தின நாலு மணி நேரத்தோட சராசரியைக் கணக்குப் பண்ணிக்கிட்டே போகும். அந்தச் சராசரி மாசத்துல எந்த ஒரு தருணத்துல உச்சத்தைத் தொடுதோ, அந்த உச்சத்துக்குத்தான் மாசம் பூராவுக்கும் பில். மாசம்னா ரெண்டாம் தேதி ஆரம்பிச்சு அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வரைக்கும். அதுக்குன்னு ஒரு டூல் இருக்கு, அதை ஓட்டி ஒன்பதாம் தேதிக்குள்ள ஐபிஎம்முக்கு ரிப்போர்ட் அனுப்பணும். எழுநூத்திச் சொச்சம் மணி நேரத்துல நாலே நாலு மணி நேரம்தான் கணக்கு. மத்த நேரமெல்லாம் மெஷின் சும்மா இருந்தாலும் ஒண்ணுதான், சக்கையாப் பிழிஞ்சாலும் ஒண்ணுதான், அந்த உச்சத்தைத் தாண்டாத வரைக்கும்.

இதோட போகல. ஓஎஸ் மேல உக்காந்திருக்கற டிபி2, கிக்ஸ், எம்க்யூ எல்லாத்துக்கும் இதே மாதிரி மாச வாடகை உண்டு. அதுல டிபி2 எவ்வளவு ஓடுச்சுன்னு தனியா அளந்து போடற பில் கிடையாது. டிபி2 எந்தப் பார்ட்டிஷன்ல இருக்கோ அந்தப் பார்ட்டிஷன் மொத்தமா எவ்வளவு ஓடுச்சோ அவ்வளவுக்கும் டிபி2க்குக் கட்டணும், கிக்ஸுக்கும் கட்டணும். என் ஜாப் கிக்ஸைத் தொடக்கூட இல்ல. ஆனா கிக்ஸ் பில்லும் ஏறுச்சு.

காலை பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் அவங்க ஆன்லைன் உச்சத்துல இருக்கற நேரம். சரியா அதே நாலு மணி நேரத்து மேல நான் என் ஜாப்பைக் கொண்டு போய் வெச்சிருக்கேன். ஜோசியர்கிட்ட கேட்டு நேரம் குறிச்ச மாதிரி. ராத்திரி பன்னண்டு மணிக்கு அதே ஜாப் ஓடியிருந்தா ஒரு பைசா கூடக் கூடியிருக்காது.

எவ்வளவு கூடுச்சுன்னு அவர் சொல்லல. நானா கேட்டப்ப, "உன்னோட ஒரு வருஷச் சம்பளத்தை வெச்சு யோசிக்காதே, தூக்கம் வராது"ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் யோசிச்சேன். தூக்கம் வரல.

அன்னிக்கு ராத்திரி எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம் வந்துச்சு. ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல எலெக்ட்ரீஷியனா இருந்தவர். கரண்ட் போயி வந்தா எல்லா மெஷினையும் ஒண்ணா ஆன் பண்ண விடமாட்டார். ரிங் ஃப்ரேமை வரிசையா ஒண்ணொண்ணா, கம்ப்ரஸர் அப்புறம், இன்னொண்ணு அதுக்கப்புறம். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா எம்.டி. ஏறிடும்டா"ம்பார். எம்.டி.ன்னா மேனேஜிங் டைரக்டர் மாடிப்படி ஏறி வர்றாருன்னு நான் சின்ன வயசுல நினைச்சுக்கிட்டு இருந்தேன். மேக்ஸிமம் டிமாண்ட். உயர் அழுத்த மின்சாரம் வாங்குற மில்லுக்கு யூனிட்டுக்கு ஒரு காசு, மாசத்துல தொட்ட உச்ச டிமாண்டுக்குத் தனியா ஒரு காசு. ஒரு தடவை தொட்டாலும் தொட்டதுதான். சித்தப்பா பத்தாவது ஃபெயில். அவருக்குத் தெரிஞ்சது பி.ஈ. படிச்ச எனக்குத் தெரியல.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. மின்சார வாரியம் உச்சத்துக்குக் காசு கேக்கறதுல காரணம் இருக்கு. அந்த உச்சத்தைத் தாங்கற மாதிரி கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் அவங்க போட்டு வெச்சிருக்கணும், அது செலவு. மெயின்ஃப்ரேம் கதையில மெஷின் க்ளையன்ட்டோட சொந்த மெஷின். காசு குடுத்து வாங்கியாச்சு. என் ஜாப் ஓடினதால ஐபிஎம்முக்கு அரையணா செலவு கிடையாது. ஓஎஸ் ஏற்கெனவே எழுதி முடிச்ச சரக்கு. அப்புறம் எதுக்கு அந்த விலை?

இதை மண்டையைக் குடைஞ்சு தேட ஆரம்பிச்சதுல பழைய சரித்திரமெல்லாம் படிக்க வேண்டியதாப் போச்சு. சுருக்கமா சொல்றேன். 1964ல சிஸ்டம்/360 வந்தப்ப ஓஎஸ் ஓசி. மெஷின் வாடகையிலயே எல்லாம் அடங்கிடும். 1969 ஜனவரியில அமெரிக்க அரசாங்கம் ஐபிஎம் மேல ஏகபோக வழக்குப் போட்டுச்சு (அது இழுத்தடிச்சு 1982ல கைவிடப்பட்டது தனிக் கதை). அதே 1969 ஜூன்ல ஐபிஎம் மென்பொருளுக்குத் தனியா விலை வைக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. மென்பொருள்னு ஒரு தொழிலே தனியா வளர அது பெரிய வழி விட்டுச்சு. நானும் நீங்களும் சோறு தின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா அப்பவும் ஓஎஸ் மட்டும் ஓசிதான்.

அதை மாத்தினது போட்டி. சிஸ்டம்/360ஐ வடிவமைச்ச பெரிய தலைகள்ல ஒருத்தரான ஜீன் ஆம்டால் 1970ல ஐபிஎம்மை விட்டு வெளிய வந்து தனிக்கடை போட்டார். 1975ல அவரோட முதல் மெஷின் நாசாவுக்குப் போச்சு. ஐபிஎம் ஓஎஸ் அதுல அப்படியே ஓடும், மெஷின் விலை கம்மி. பொங்கலும் சாம்பாரும் ஒரே விலையா இருந்த கடையில, பக்கத்துக் கடைக்காரன் பொங்கல் மட்டும் சீப்பா குடுத்துட்டு சாம்பாருக்கு உங்க கடைக்கு அனுப்பினா என்ன பண்ணுவீங்க? சாம்பாருக்குத் தனி விலை போடுவீங்க. அதான் நடந்துச்சு. எம்விஎஸ் 3.8 வரைக்கும் ஓசி, எழுபதுகளோட கடைசியில இருந்து அதுக்கு மேல வந்ததுக்கெல்லாம் காசு. ஜப்பான் ஹிட்டாச்சியும் ஆம்டாலும் அதுக்கப்புறமும் பல வருஷம் போட்டி போட்டாங்க. 2000ல 64 பிட் மெஷின் வந்ததும் ரெண்டு பேரும் கடையைக் கட்டிட்டாங்க. பக்கத்துக் கடை மூடின அப்புறமும் சாம்பார் விலை மட்டும் போர்டுலயே இருந்துச்சு :-)

சரி, இவ்வளவு விலை வெச்சா ஜனங்க ஓடிப் போயிட மாட்டாங்களான்னா, பாதிப் பேரால முடியாது. அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில எழுபதுகள்ல எழுதின ப்ரோக்ராம் அன்னிக்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எழுதினவர் உயிரோட இருக்காரான்னே தெரியாது. ஒரு மாநிலத்துச் சட்டத்துக்காக 1983ல யாரோ போட்ட ஒரு இஃப், அதை எடுத்தா எது விழும்னு யாருக்கும் சொல்லத் தெரியாது. அப்படி ஆயிரக்கணக்கான ப்ரோக்ராம். அதைப் புதுசா எழுத வருஷக் கணக்குல ஆகும், நடுவுல ஊத்திக்கிட்டா கம்பெனியே காலி. அவங்களுக்கு வாடகை பத்து சதவீதம் ஏறினாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு கட்டுவாங்க. முப்பது வருஷமா ஒரே வீட்டுல இருந்து, பரண்ல ஏத்தின பாத்திரத்தை எறக்கவே பயப்படற குடித்தனக்காரர் மாதிரி.

ஆனா புதுசா ஒரு வேலையை எங்க ஓட்டலாம்னு யோசிக்கறவன் கதை வேற. அவனுக்கு இன்டெல் சர்வர் இருக்கு, லினக்ஸ் இருக்கு. இந்த விலையைக் கேட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். ஆக ஒரே சரக்குக்கு ரெண்டு வகை ஆளுங்க. ஒருத்தர் விலை என்னவானாலும் விடமாட்டார், இன்னொருத்தர் கொஞ்சம் ஏறினாலும் ஓடிடுவார். ரெண்டு பேருக்கும் ஒரே விலை வெச்சா வியாபாரிக்கு நஷ்டம். வேற வேற விலை வெக்கணும். ஆனா பழைய ஆள் புது ஆள் வேஷம் போட்டு உள்ள வந்துடக் கூடாது.

இந்தக் கண்ணோட்டத்துல பாத்தா ஐபிஎம் பண்ணினது எல்லாம் பளிச்னு புரியும். 2000ல லினக்ஸுக்குன்னு ஐஎஃப்எல்னு ஒரு ப்ராசஸர் விட்டாங்க. அதே சிப், அதே பெட்டி. ஆனா அதுல இசட்/ஓஎஸ் ஓடாது, அதுல ஓடறது எம்எஸ்யூ கணக்குல வராது. 2004ல ஜாவாவுக்குன்னு ஒண்ணு, 2006ல டிபி2வோட சில வேலைகளுக்குன்னு இசட்ஐஐபி. சின்ன மெஷின்ல சாதாரண ப்ராசஸரை வேணும்னே மைக்ரோகோடு வெச்சு மெதுவாக்கி விப்பாங்க. பக்கத்துலயே இருக்கற லினக்ஸ் ப்ராசஸர் மட்டும் முழு வேகத்துல ஓடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது 2002ல வந்த இசட்/ஓஎஸ்.இ. விலை பல மடங்கு கம்மி, அதே ஓஎஸ், ஆனா கிக்ஸ், ஐஎம்எஸ், கோபால் எதுக்கும் அனுமதி கிடையாது. பழைய குடித்தனக்காரர் தலைகாட்டக் கூடாதுன்னு வாசல்லயே போர்டு. அதை ஓட்டுற பார்ட்டிஷனோட பேர் கூட இன்ன நாலு எழுத்துலதான் ஆரம்பிக்கணும்னு விதி! கல்யாண வீட்டுல பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒரு கலர் ரிப்பன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வேற கலர் குத்துவாங்களே, அது மாதிரி.

இதெல்லாம் காகிதத்துல போட்ட கோடுதாங்கறதை நியான்னு டெக்ஸாஸ் கம்பெனி ஒண்ணு நிரூபிச்சுக் காட்டுச்சு. 2009ல இசட்ப்ரைம்னு ஒரு சாஃப்ட்வேர் விட்டாங்க. சாதாரண வேலையையே அந்த சலுகை ப்ராசஸர்ல தள்ளி விட்டுடும். டெக்னிக்கலா ஓடுது, ஆனா ஒப்பந்தப்படி தப்புன்னு ஐபிஎம் சொல்லுச்சு. கோர்ட்டு வரைக்கும் போயி 2011ல நியான் அதை விக்கறதையே நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி 2006ல இன்டெல் சிப் வெச்ச மெஷின்ல இசட்/ஓஎஸ் ஓட்டிக் காட்டின பிஎஸ்ஐங்கற கம்பெனியோட வழக்கு. 2008ல அந்தக் கம்பெனியையே ஐபிஎம் வாங்கிடுச்சு, வழக்கு முடிஞ்சுது. வழக்குக்கு இப்படியும் ஒரு தீர்வு.

பேராசைன்னு திட்டிட்டுப் போறது சுலபம். நான் அப்படி நினைக்கல. அவங்க இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன். ஆனா உச்சத்துக்கு விலைன்னு வெச்சதுனால எங்க வேலை எப்படி மாறிப் போச்சுன்னு உள்ள இருந்து பாத்தவன் நான். அதுக்கப்புறம் ஒரு வருஷம் எங்க டீம் பண்ணினது முக்காவாசி அதுதான்.

அந்தப் பெரியவர் என்னைப் பழி வாங்கிட்டார்னு நினைக்கறேன். அவரோட உச்சக் குறைப்பு வேலைக்கு இந்தப் பக்கத்துல இருந்து ஆள் வேணும்னு என் பேரைக் கேட்டு வாங்கினார். வாரத்துக்கு ரெண்டு நாள் அவரோட போன்ல உக்காருவேன். முதல்ல சார் போட்டுப் பேசினேன், பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், வாய் வரல. அந்தப் பத்து டு ரெண்டு மணிக்குள்ள என்னவெல்லாம் ஓடுதுன்னு பட்டியல் போட்டோம். யாருமே படிக்காத ஒரு ரிப்போர்ட் தினமும் பதினொரு மணிக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதைக் கேட்ட மேனேஜர் ரிட்டயராகி எட்டு வருஷம் ஆச்சாம். ஒரு ஸ்க்ரீன்ல பேரை வெச்சுத் தேடினா டேபிள் முழுசையும் படிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஒரு இன்டெக்ஸ் போட்டோம்.

எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. ஒய்2கே காலத்துல இருந்து அதே க்ளையன்ட்டோட சிஸ்டம்ல இருக்கறவங்க. டாக்குமென்ட்ல இல்லாததெல்லாம் அவங்க தலையில இருந்துச்சு. எந்த ஜாப்பை நகத்தினா எது உடையும்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவாங்க. அவங்க இல்லாம ஒரு ஜாப்பைக் கூட நகத்தியிருக்க முடியாது. செப்டம்பருக்குள்ள உச்சம் நான் கட்டின கோபுரத்துக்கு ரொம்பக் கீழ, அதுக்கு முந்தின வருஷத்து சாதாரண மாசத்தைவிடவும் கீழ வந்துடுச்சு. எங்க மொத்த டீமுக்கும் அவங்க குடுக்கற காசு இதுலயே திரும்பிடுச்சுன்னு பெரியவர் சொன்னார். அன்னிக்கு ராத்திரி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

ஆனா புதுசா ஏதாவது எழுதலாம்னு யாராவது கேட்டா முதல் கேள்வியே "இது பத்து டு ரெண்டுல ஓடுமா?"ன்னு ஆகிப் போச்சு. ஏஜென்ட்டுகளுக்கு ஒரு புது ஸ்க்ரீன் வேணும்னு கேட்டாங்க. அந்த டேட்டா முழுக்க மெயின்ஃப்ரேம்ல இருக்கு, அங்கேயே ரெண்டு வாரத்துல முடிக்கலாம்னு அக்கா எஸ்டிமேட் போட்டாங்க. வேண்டாம், உச்சம் ஏறிடும்னு தள்ளிட்டாங்க. ராத்திரியில டேட்டாவை வெளிய காப்பி எடுத்து ஒரு சர்வர்ல போட்டு அங்க கட்டினாங்க, அதுக்கு அஞ்சு மாசம். அப்புறம் இன்னொண்ணு, இன்னொண்ணு. அந்த சலுகை விலையெல்லாம் சரிதான், ஆனா எங்க க்ளையன்ட் மாதிரி நடுத்தர ஆளுக்கு தனிப் பார்ட்டிஷன், தனி ப்ராசஸர்னு அதுக்கு ஒரு முதல் போடணும். அவங்க போடல. மூணு வருஷத்துல புதுசா வந்ததெல்லாம் வெளிய, பழசு மட்டும் உள்ள. அப்புறம் ஒரு நாள் ஃபைனான்ஸ்ல இருந்து ஒருத்தர் வந்து, புதுசா எதுவும் ஓடாத பெட்டிக்கு எதுக்கு மாசம் இவ்வளவுன்னு கேட்டார். நியாயமான கேள்விதான்.

2010ல எல்லாத்தையும் வெளிய கொண்டு போற ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க. பெரியவர் அதே வருஷம் ரிட்டயராயிட்டார். கடைசி நாள் எனக்கு ஒரு மெயில் அனுப்பினார், ஒரு வரி கூட இல்ல, அந்த மார்ச் மாச கிராஃப் மட்டும். கோபுரத்து மேல சின்னதா ஒரு கொடி வரைஞ்சிருந்தார்.

அக்காவோட விஷயம்தான் மனசுல நிக்குது. மாத்துற ப்ராஜெக்ட்டுக்கும் அவங்கதான் வேணும், பழசு அவங்க தலையிலதானே இருக்கு. ஒண்ணரை வருஷம் உக்காந்து ஒவ்வொரு ப்ரோக்ராமா புது ஆளுங்களுக்கு விளக்கினாங்க. அது முடிஞ்சதும் பெஞ்ச். நாற்பது வயசுல ஜாவா ட்ரெயினிங், பக்கத்து சீட்ல இருபத்திரண்டு வயசுப் பையன். ஆறு மாசத்துல வேலையை விட்டுட்டாங்க. ஒரு தடவை போன்ல சொன்னாங்க: "நாம அந்த இன்டெக்ஸெல்லாம் போட்டு மிச்சம் பிடிச்சோமே, அதனால ரெண்டு வருஷம் கூட ஓடுச்சுடா அந்தப் பொட்டி. இல்லேன்னா எப்பவோ கடையை மூடியிருப்பானுங்க." நான் சரின்னேன். என் கோபுரம் எத்தனை மாசத்தைக் குறைச்சுதுன்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல. ஒரு மாச பில்லால ஒரு டேட்டா சென்டர் மூடாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஃபைனான்ஸ் ஆள் காட்டின ஸ்லைட்ல, நாலு வருஷத்துப் பில்லை வரிசையாப் போட்டிருந்ததுல, 2007 மார்ச் மட்டும் தனியா நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

மெயின்ஃப்ரேம் ஒண்ணும் செத்துப் போகல. 2025ல கூட இசட்17னு புது மெஷின் வந்திருக்கு. பெரிய பேங்க்குகள் விடறதா இல்ல. போனது எங்க க்ளையன்ட் மாதிரி நடுத்தர, சின்ன ஆளுங்க. சின்ன மெஷின்காரங்களோட ஓஎஸ்ஸான விஎஸ்இ, 1960கள்ல டாஸ்/360ன்னு ஆரம்பிச்ச வம்சம், அதைக்கூட 2021ல ஐபிஎம் வேற ஒரு கம்பெனி கையில குடுத்துடுச்சு. 2023 செப்டம்பரோட தன் பக்கத்து சர்வீஸையும் நிறுத்திக்கிச்சு.

2019ல ஐபிஎம் டெய்லர்டு ஃபிட்னு புது விலைத் திட்டம் அறிவிச்சாங்க. அதுல சேர்ந்தவங்களுக்கு நாலு மணி நேர உச்சம் கிடையாது. வருஷம் பூரா மொத்தமா எவ்வளவு ஓடுச்சோ அந்தக் கணக்குதான், எந்த நேரத்துல ஓட்டினாலும் ஒண்ணுதான். நியூஸ் படிச்சதும் அக்காவுக்குத்தான் லிங்க் அனுப்பினேன். "பன்னண்டு வருஷம் லேட்டு"ன்னு பதில் வந்துச்சு. கூடவே, "அந்த ஜாப் பேர் ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருக்கு. எட்டெழுத்து. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

பி.கு: வீட்டு லேப்டாப்ல ஹெர்குலிஸ்னு ஒரு எமுலேட்டர் போட்டு அதுல எம்விஎஸ் 3.8 ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஓசியா இருந்த காலத்துச் சரக்கு அது, இசட்/ஓஎஸ்ஸை இப்படி ஹெர்குலிஸ்ல வெச்சு விளையாட லைசென்ஸ் கிடையாது. போன வாரம் பையன் எட்டிப் பாத்துட்டு, "என்னப்பா பச்சைக் கலர் எழுத்து, கெட்டுப் போச்சா?"ன்னான். சும்மா ஒரு ஜாப் சப்மிட் பண்ணிக் காட்டினேன். காலை பத்து மணிக்கு.